எலும்பு ஸ்கேனில் போடும் டெக்னீசியம் இரண்டு லட்சம் ஆண்டு உடம்பில் இருக்குமா?

உங்கள் கேள்வியில் பல விஷயங்கள் கலந்து இருக்கின்றன. நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து, மருத்துவர் எலும்பு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்கேன் செய்யும் இடத்தில் டெக்னீசியம் ஊசி போடுவோம் என்று சொன்னார்கள். அது இயற்கையில் கிடையாது, அணு உலையில் செய்வது, அதன் கதிர்வீச்சு இரண்டு லட்சம் ஆண்டுக்குப் போகாது என்று உறவினர் ஒருவர் பயமுறுத்திவிட்டார். அம்மாபேட்டை வீட்டில் எட்டு மாதப் பேரக்குழந்தை இருக்கிறது, அம்மா தூக்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில், நம்ம சேலத்து மேக்னசைட்டிலோ ஏற்காட்டுப் பாறையிலோ இது இருக்குமா என்றும் ஒரு வரி. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருள் அம்மாவின் உடம்பில் தங்கி அவருக்கும் குழந்தைக்கும் கெடுதல் செய்யுமா?

செய்யாது. ஊசியில் போகும் கதிரியக்கம் இரண்டே நாளில் அநேகமாக இல்லாமல் போய்விடும். உறவினர் சொன்ன இரண்டு லட்சம் ஆண்டு என்ற எண் பொய்யில்லை, ஆனால் அதை அவர் தவறான பொருளோடு சேர்த்துவிட்டார். நான் சேலத்தில் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட்டாகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அந்த ஊசி மருந்தைத் தயாரிப்பதும் படம் எடுப்பதும் என் வேலை. படத்தைப் பார்த்து நோயைச் சொல்வதும், யாருக்கு ஸ்கேன் தேவை என்று முடிவு செய்வதும் மருத்துவர் வேலை. அந்த எல்லைக்குள் நின்றே பதில் சொல்கிறேன்.

ஊசியில் போவது டெக்னீசியம்-99எம். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் அது பாதியாகும். ஒரு நாள் போனால் பதினாறில் ஒரு பங்கு, இரண்டு நாள் போனால் 256-ல் ஒரு பங்கு, இரண்டரை நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். இது இயற்பியல் கணக்கு மட்டும். எலும்பில் ஒட்டாத மருந்து, ஏறக்குறைய பாதி, சிறுநீரில் வெளியே போய்விடும். அதனால் உடம்பில் இருப்பது இதைவிடவும் வேகமாகக் குறையும்.

இப்போது அந்த இரண்டு லட்சம் ஆண்டுக்கு வருவோம். டெக்னீசியம்-99எம் தன் காமா கதிரை வெளியே விட்டுவிட்டு டெக்னீசியம்-99 ஆக மாறும். 'எம்' என்ற எழுத்து போய்விடுவதைக் கவனியுங்கள். அந்த டெக்னீசியம்-99-ன் அரை ஆயுள்தான் சுமார் 2,11,000 ஆண்டுகள். கேட்டவுடன் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அரை ஆயுள் நீளம் என்றால் அணுக்கள் மிக மெதுவாகச் சிதைகின்றன என்று அர்த்தம். மெதுவாகச் சிதைந்தால் ஒரு நொடியில் வரும் கதிர்வீச்சும் குறைவு. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அதே எண்ணிக்கை அணுக்கள் இருக்கும்போது, ஆயுள் நீண்டதுதான் அந்த நேரத்துக்குக் குறைவாகக் கதிர்வீசும்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு எலும்பு ஸ்கேனுக்கு வழக்கமாக 20 மில்லிக்யூரி போடுவோம், அதாவது 740 மெகாபெக்கரல். ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைவது. போட்ட நேரத்தில் ஒரு நொடிக்கு 74 கோடி அணுக்கள் சிதைகின்றன. பெரிய எண்தான். ஆனால் இதற்கு வேண்டிய மொத்த அணுக்கள் ஏறக்குறைய 23 லட்சம் கோடி, எடையில் சுமார் 4 நானோகிராம். ஒரு கிராமை 100 கோடிப் பங்காக்கினால் அதில் நான்கு பங்கு. எந்தத் தராசிலும் நிற்காது. இந்த 23 லட்சம் கோடி அணுக்களும் ஒன்று விடாமல் டெக்னீசியம்-99 ஆகி, ஒரு துளிகூட வெளியேறாமல் அம்மாவின் உடம்பிலேயே தங்கிவிட்டதாக வைத்துக்கொண்டாலும், நொடிக்கு இரண்டு மூன்று அணுக்கள்தான் சிதையும். மருந்தை எடுக்கும் ஜெனரேட்டர் என்ற கருவியில் (அதைப் பிறகு சொல்கிறேன்) ஏற்கெனவே சேர்ந்திருக்கும் டெக்னீசியம்-99-ம் கூடவே கொஞ்சம் வரும். அதையும் சேர்த்தால் சில பெக்கரல், மிஞ்சினால் சில பத்து பெக்கரல். நாம் சாப்பிடும் சாப்பாட்டில் உள்ள பொட்டாசியத்தால் மட்டும் ஒவ்வொரு பெரிய மனிதர் உடம்பிலும் நொடிக்குச் சுமார் 4,000 சிதைவுகள் நடந்துகொண்டே இருக்கின்றன. உங்கள் உடம்பில், என் உடம்பில், பயமுறுத்திய உறவினர் உடம்பிலும்தான்.

சரி, உறவினர் பயம் எங்கிருந்து வருகிறது? என் ஊகம் என்னவென்றால், தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 கொடுத்துத் தனி அறையில் வைக்கப்பட்ட யாரையாவது அவர் பார்த்திருக்கலாம் அல்லது கேள்விப்பட்டிருக்கலாம். அது வேறு மருந்து. அரை ஆயுள் 8 நாள், பீட்டா கதிரால் செல்லைக் கொல்வதற்காகவே கொடுப்பது, அளவும் அதிகம். அதற்குச் சொல்லும் கட்டுப்பாடுகளை எலும்பு ஸ்கேனுக்கும் பொருத்தி வீட்டில் பாட்டியை ஒரு வாரம் தனியாக உட்கார வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நோயில் ஏற்கெனவே துவண்டிருக்கும் ஒருவரைக் காரணமே இல்லாமல் ஒதுக்கி வைப்பது மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும். உங்கள் வீட்டில் அது நடக்க வேண்டாம்.

குழந்தை விஷயத்தில் உறுதியானதையும் வழக்கத்தையும் பிரித்துச் சொல்கிறேன். ஊசி போட்ட முதல் சில மணி நேரம் அம்மாவின் உடம்பிலிருந்து காமா கதிர் வெளியே வரும் என்பது உறுதி. அது நேரத்தாலும் தூரத்தாலும் வேகமாகக் குறையும் என்பதும் உறுதி. அன்று மாலை என்ன செய்ய வேண்டும் என்பதில் எல்லா இடத்திலும் ஒரே அறிவுரை கிடையாது. சிலர் எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்பார்கள். நாங்கள் அன்று இரவு வரை கைக்குழந்தையை நீண்ட நேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம், கர்ப்பிணிகள் பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டாம் என்று சொல்கிறோம். ஒரு நிமிடம் தூக்கிக் கொஞ்சினால் ஆபத்து என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தவிர்க்க முடிந்ததைத் தவிர்ப்போம் என்பதுதான். மறுநாள் காலையிலிருந்து பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கட்டும். ஒரே வீட்டில், ஒரே சமையலில் சாப்பிட எந்தத் தடையும் இல்லை.

அம்மாவுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு எவ்வளவு என்று கேட்டால், சுமார் 4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதருக்கு வருடத்துக்கு இயற்கையாகவே கிடைப்பது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். ஆக ஒன்றரை, ஒன்றே முக்கால் வருடத்துக்கு உண்டான அளவு ஒரே நாளில். வயிற்றுக்கு எடுக்கும் சிடி ஸ்கேன் பல நேரம் இதைவிட அதிகம். இவ்வளவு சிறிய அளவால் கெடுதல் உண்டா என்பது அறிவியலில் இன்னும் தீராத விவாதம். 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடுவது தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் கீழே உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் புள்ளிவிவரத்தால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பாதுகாப்பு விதிகள் எல்லாம், சிறிய அளவுக்கும் சிறிய ஆபத்து இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதப்பட்டவை. அதனால்தான் தேவையில்லாமல் யாருக்கும் இதைப் போடுவதில்லை. அம்மாவுக்கு எலும்பில் நோய் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது தேவையான காரணம்.

இயற்கையில் இல்லை என்று உறவினர் சொன்னாரே, அது முக்கால்வாசி உண்மை. டெக்னீசியத்தின் கதையே அதுதான். மெண்டலீவ் 1871-ல் தன் தனிம அட்டவணையைத் திருத்திப் போட்டபோது மாங்கனீசுக்குக் கீழே ஒரு இடத்தைக் காலியாக விட்டார். அங்கே ஒரு தனிமம் இருக்க வேண்டும், எடை 100 அளவில் இருக்கும் என்றார். அது 43-ம் எண். அப்புறம் பல பேர் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். 1908-ல் ஜப்பானின் ஒகாவா அதற்கு நிப்போனியம் என்று பெயர்கூட வைத்தார். அவர் கையில் இருந்தது உண்மையில் 75-ம் தனிமமான ரீனியம் என்று பின்னால் தெரிந்தது. 1925-ல் ஜெர்மனியில் நோடாக், டாக்கே, பெர்க் என்ற மூவரும் ரீனியத்தையும் 43-ஐயும் சேர்த்தே கண்டதாகச் சொன்னார்கள். ரீனியம் நிலைத்தது. 43-க்கு அவர்கள் வைத்த மசூரியம் என்ற பெயர் நிலைக்கவில்லை. அவர்கள் உண்மையில் கண்டிருக்கலாம் என்று வாதாடுகிறவர்கள் பின்னாளிலும் உண்டு, பெரும்பாலோர் ஏற்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? ஒரே நிறை எண் (அணுக்கருவில் உள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) கொண்ட அடுத்தடுத்த இரண்டு தனிமங்களில் இரண்டுமே நிலையாக இருக்க முடியாது என்று மட்டாவ் 1934-ல் ஒரு விதி சொன்னார். 43-க்கு ஒரு பக்கம் மாலிப்டினம், மறுபக்கம் ருத்தீனியம். 94-லிருந்து 102 வரை உள்ள நிறை எண்களை இந்த இரண்டும் நிலையான அணுக்களால் நிரப்பி வைத்திருக்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட டெக்னீசியத்துக்கு நிலையாக நிற்க இடமே இல்லை. அதன் மிக நீண்ட அரை ஆயுளே ஏறக்குறைய 42 லட்சம் ஆண்டுகள்தான். பூமியின் வயதோ 450 கோடி ஆண்டுக்கு மேல். பூமி உருவானபோது இருந்த டெக்னீசியம் எல்லாம் எப்போதோ சிதைந்து தீர்ந்துவிட்டது.

கடைசியில் அது தபாலில் வந்தது. எமிலியோ செக்ரே என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1936-ல் அமெரிக்காவின் பெர்க்லி போய், இயற்பியலாளர் லாரன்ஸ் உருவாக்கிய சைக்ளோட்ரானை, அதாவது துகள்களை வேகமாக்கி மோதவிடும் இயந்திரத்தைப் பார்த்தார். பல நாள் துகள்கள் மோதி மோதிக் கதிரியக்கம் ஏறிப்போன பாகங்கள் அங்கே கிடந்தன. அப்படி ஒரு மாலிப்டினத் தகட்டை லாரன்ஸ் 1937-ல் சிசிலியில் இருந்த பலேர்மோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைத்தார். செக்ரேயும் கார்லோ பெரியரும் அதை வேதியியல் முறையில் பிரித்து 43-ம் தனிமத்தைக் காட்டினார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் அது. 1947-ல்தான் டெக்னீசியம் என்ற பெயர் வந்தது. ஆனால் தனிமத்தைக் கண்ட அடுத்த வருடமே, 1938-ல், செக்ரேயும் வேதியியலாளர் சீபோர்க்கும் பெர்க்லியில் இந்த 99எம்-ஐக் கண்டார்கள். அந்தக் கோடையில் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டதால் செக்ரே இத்தாலியில் தன் பதவியை இழந்து அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். வேலை போன அந்த வருடத்தில் அவர் கண்டதுதான் இன்று உலகம் முழுக்க வருடத்துக்கு மூன்று கோடிப் பேருக்கு மேல் போடப்படுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கும்.

ஆனால் கண்டவுடன் யாரும் பயன்படுத்தவில்லை. இருபது வருடம் சும்மா கிடந்தது. 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருளை எங்கிருந்து எங்கே அனுப்புவது? மும்பையில் செய்து சேலத்துக்கு லாரியில் அனுப்பினால் வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் டக்கரும் கிரீனும் 1950-களின் கடைசியில் வேறொரு ஜெனரேட்டரில் வேலை செய்துகொண்டிருந்தபோது, அதில் மாசாக வந்தது டெக்னீசியம்-99எம் என்று கண்டார்கள். அது மாலிப்டினம்-99-லிருந்து வருகிறது. மாலிப்டினம்-99-ன் அரை ஆயுள் 66 மணி நேரம். அதை அனுப்பினால் போதும், மருத்துவமனையிலேயே டெக்னீசியத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்ற வழி அப்படிப் பிறந்தது.

எங்கள் துறைக்கு வரும் ஜெனரேட்டர் ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன அலுமினாக் (அலுமினியம் ஆக்சைடு) குழாய். அலுமினாவில் மாலிப்டினம் இறுகப் பிடித்திருக்கும். அது சிதைந்து டெக்னீசியம் ஆனதும் பிடி தளர்ந்துவிடும். ஒரு பக்கம் சலைன் வைத்து, மறுபக்கம் வெற்றிடக் குப்பியைச் சொருகினால், சலைன் குழாய் வழியே இழுக்கப்பட்டு டெக்னீசியத்தை மட்டும் கழுவிக்கொண்டு வரும். இதை மாடு கறப்பது என்றே எங்கள் துறையில் உலகம் முழுக்கச் சொல்வார்கள். காலையில் கறந்தால் மறுநாள் காலைக்குள் மறுபடி ஊறிவிடும். ஒரு வாரத்தில் மாலிப்டினம் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், அப்புறம் புது ஜெனரேட்டர். கறந்ததும் மாலிப்டினம் கசிந்து வந்திருக்கிறதா, அலுமினா கலந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே மருந்து கலப்போம். எலும்புக்கு எம்டிபி, சிறுநீரகத்துக்கு டிடிபிஏ அல்லது டிஎம்எஸ்ஏ, இதயத்துக்கு மிபி என்று உறுப்புக்கு ஏற்றபடி குப்பிகள் உண்டு. டெக்னீசியம் ஒன்றேதான், எந்த மருந்தோடு சேர்க்கிறோமோ அது போகும் இடத்துக்கு அதுவும் போகும்.

இது வராமல் போன காலமும் உண்டு. உலகத்தின் மாலிப்டினம்-99-ல் பெரும்பகுதி சில பழைய அணு உலைகளை நம்பி இருக்கிறது. 2009 மே மாதம் கனடாவின் என்ஆர்யு உலை கனநீர்க் கசிவால் நின்று, 2010 ஆகஸ்டில்தான் திரும்ப ஓடியது. இடையில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுக்காக நிறுத்தப்பட்டது. பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. நம் நாட்டில் மும்பை டிராம்பேயின் துருவா உலையில் மாலிப்டினம் ஆக்சைடை நியூட்ரானில் வைத்து எடுத்து, பிரிட் என்ற அரசு வாரியம் மருத்துவமனைகளுக்குத் தருகிறது. இறக்குமதியும் உண்டு.

இப்போது நம்ம ஊர்ப் பாறை. மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட், டெக்னீசியத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பெயரில் ஒலி ஒத்துப்போவதால் வந்த சந்தேகமாக இருக்கலாம். ஏற்காட்டில் இருப்பது சார்னோகைட் பாறை. எந்தப் பாறையிலும் யுரேனியம் துளியளவு இருக்கும், அது தானாகப் பிளக்கும்போது டெக்னீசியம் அணுக்கள் உண்டாகும். 1962-ல் ஆப்பிரிக்காவின் காங்கோவிலிருந்து வந்த யுரேனியத் தாதுவில் இதை உண்மையாகவே பிரித்துக் காட்டினார்கள். ஒரு கிலோ தாதுவுக்கு ஒரு நானோகிராமில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. செறிந்த யுரேனியத் தாதுவிலேயே அவ்வளவுதான் என்றால் ஏற்காட்டுக் கல்லில் தேடிப் பயனில்லை. அதனால்தான் முக்கால்வாசி உண்மை என்றேன்.

ஆனால் தாய்த் தனிமம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, 1965 வரை பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த அரூர், ஊத்தங்கரைப் பகுதியில் மாலிப்டினத் தாது இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டிருக்கிறது. ஜெனரேட்டரில் இருக்கும் என்றேனே, அந்த அலுமினாவை ஏற்காட்டில் வெட்டிய பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் எடுத்த காலமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரூர் மாலிப்டினம் நிலையான மாலிப்டினம். எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் தானாக டெக்னீசியம் ஆகாது, உலையில் நியூட்ரான் பட வேண்டும்.

தனிமத்தின் மற்ற குணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளிச் சாம்பல் நிற உலோகம், 2157 டிகிரி செல்சியஸில் உருகும். உருக்காலை ஊர்க்காரர்களுக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு: தண்ணீரில் பத்து லட்சத்துக்கு 55 பங்கு பெர்டெக்னிடேட் என்ற டெக்னீசிய உப்பு சேர்த்தாலே சாதாரண எஃகு துருப்பிடிக்காது. கதிரியக்கம் இருப்பதால் மூடிய அமைப்புகளுக்கு வெளியே யாரும் பயன்படுத்த முடியவில்லை.

உங்கள் உறவினர் பயப்படும் டெக்னீசியம்-99 உண்மையாகவே கவலை தரும் இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அணு உலையில் யுரேனியம் பிளக்கும்போது நூற்றில் ஆறு பங்குக்கு அதுவே உண்டாகிறது. டன் கணக்கில் சேர்ந்திருக்கிறது. தண்ணீரில் எளிதாகக் கரைந்து நகரும். 1990-களில் இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு எரிபொருள் ஆலையிலிருந்து கடலில் விட்டது ஐரிஷ் கடல் லாப்ஸ்டர்களில் சேர்ந்து, நார்வே வரை போய்ப் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. பின்னர் கழிவிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் முறை வந்தது. டன் கணக்கில் இருந்தால் இரண்டு லட்சம் ஆண்டு என்பது பெரிய பொறுப்பு. நானோகிராமுக்கு அந்தக் கவலை கிடையாது.

ஸ்கேன் அன்றைக்கு வேண்டியது: பட்டினி தேவையில்லை. ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படம், அதுவரை அம்மா நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கட்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால் இடுப்பெலும்பு சரியாகத் தெரியாது, பையில் கதிர்வீச்சும் கூடும். அன்று கழிவறையில் இரண்டு தரம் தண்ணீர் விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். படம் எடுக்கும் கேமராவிலிருந்து கதிர் எதுவும் வராது, அம்மாவிடமிருந்து வருவதை அது வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். முன்பு எலும்பு முறிந்திருந்தால், அண்மையில் விழுந்திருந்தால், பல் பிடுங்கியிருந்தால், மூட்டு வலி இருந்தால் ஊசி போடும் முன்பே எங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். எலும்பு புதிதாக உருவாகும் எந்த இடத்திலும் இந்த மருந்து கூடுதலாகச் சேரும். வயதானவர்களின் முழங்காலும் முதுகெலும்பும் தேய்மானத்தாலேயே படத்தில் கறுப்பாகத் தெரிவது வெகு சகஜம். படத்தைக் கையில் வாங்கியதும் வீட்டில் நீங்களாகப் புள்ளிகளை எண்ண வேண்டாம். அறிக்கையோடு சிகிச்சை செய்த மருத்துவரிடமே போங்கள், பழைய எக்ஸ்ரே, சிடி படங்கள் இருந்தால் அவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.